ஒரே அலமாரியில் டேட்டா புக்கும் மருத்துவ நூலும் காபிக் கையேடும்: இருபது வருடம் புரட்டியதில் தெரிந்தது

நான் ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு மெஷின் வேலை பார்ப்பவன். மனைவி செவிலியர். மாமனாருக்கு ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காபியும் மிளகும். மூன்று பேருக்கும் வேண்டிய புத்தகங்கள் சேலத்தில் எங்கள் வீட்டு அலமாரி ஒன்றில்தான் இருக்கின்றன. குறிப்பு நூல் வாங்கலாமா, பழைய புத்தகக் கடையில் கிடைப்பதை எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: முதலில் அச்சான வருடத்தைப் பாருங்கள். அந்த வருடத்தை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பது துறைக்குத் துறை மாறும்.

டிப்ளமோ படிக்கும்போது வாங்கிய பி.எஸ்.ஜி. டேட்டா புக், அதாவது இயந்திர வடிவமைப்புக்கான அட்டவணைகளின் தொகுப்பு, இன்னும் தினமும் கைக்கு வருகிறது. பரீட்சை ஹாலுக்குள் எடுத்துப்போக அனுமதித்த புத்தகம் அது. இரண்டு முறை பைண்டிங் போட்டாகிவிட்டது, பேரிங் அட்டவணைப் பக்கங்கள் கிரீஸ் பட்டுப் பழுப்பேறிவிட்டன. பேரிங் நம்பர் 6308 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கு, ஷாஃப்ட் 40 மி.மீ. இது எந்த மெக்கானிக்குக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 40-ஐ லேத்தில் எந்த அளவுக்குக் கடைவது என்பது மனப்பாடத்தில் நிற்காது. பேரிங் இறுக்கமாக உட்கார அட்டவணை சொல்லும் அளவு வரம்பு கே6 என்றால், 40-க்கு மேல் 2 முதல் 18 மைக்ரான் வரை இருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் புத்தகத்தைத் திறக்காமல் கைக்கணக்கில் கடைந்து கொடுத்தேன். 40-க்குக் கீழே போய்விட்டது. பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேலேயே வழுக்கிச் சுற்றி, கிழங்கை அரைக்கும் ரேஸ்பர் மெஷின் சூடேறி நின்றது. வெளியே லாரியில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி). பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அன்று ஆலைக்காரர் முகத்தைப் பார்த்ததிலிருந்து புத்தகத்தைத் திறக்காமல் நான் ஷாஃப்டில் கை வைப்பதில்லை. இந்த அட்டவணைகள் முப்பது வருடப் பழைய பதிப்பிலும் அப்படியே இருக்கும், தைரியமாகப் பழையதை வாங்கலாம்.

கட்டட வேலைக்கு அந்தத் தைரியம் கூடாது. ஷெட் தூண் போட, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456-இன் 1978 பதிப்பைப் பார்த்து எம்15 கலவை எழுதி வைத்திருந்தேன். எம் எண் கூடினால் கான்கிரீட் வலுவும் கூடும். 2000-இல் வந்த பதிப்பில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்20. நல்லவேளை, தெரிந்த இன்ஜினியர் பார்த்து நிறுத்தினார்.

மாமனாரின் பழைய காபிக் கையேடு பாதி பொன், பாதி விஷம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு ஏப்ரல்-மே, பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பறக்கும். நிழல் குறைந்த இடத்து அராபிகா வகைக் காபியைத்தான் அதிகம் தேடும். தண்டின் உதிர்பட்டையைத் தேய்த்து எடுக்க வேண்டும். துளை விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். இதெல்லாம் இன்றைக்கும் சரி. அடுத்த பத்தியிலேயே தண்டில் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தைப் பூசச் சொல்லியிருக்கிறது. 1997-இல் தடை செய்த மருந்து அது. இன்னொரு பக்கத்தில் எண்டோசல்பான், 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அவரும் நானும் ஒரு மழை நாளில் உட்கார்ந்து அந்த வரிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்தோம். புத்தகத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இலைத்துரு நோய்க்கு போர்டோ கலவை தயாரிக்கும் பக்கம் அவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது: 100 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அரைக் கிலோ சுண்ணாம்பு, கலந்தபின் இரும்புக் கத்தியை முக்கி எடு, செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. புதிய கையேடுகளில் அந்தக் கத்தியைக் காணோம்.

மருத்துவ நூல் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். உப்பு சர்க்கரைக் கரைசலின் அளவே மாறிவிட்டது. பழைய நூலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ், இப்போது 13.5, உப்பு 3.5 கிராமிலிருந்து 2.6. அதைவிடப் பெரிய பாடம் ஒரு டிசம்பரில், பழம் பறிக்கும் நேரத்தில் வந்தது. பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவின் கையில் கிளையிலிருந்த பச்சை நிறப் பாம்பு கடித்துவிட்டது. தோட்டத்து ஷெட்டில் இருந்த பழைய முதலுதவிப் புத்தகத்தைப் பிரித்து ஒருவர் படித்தார்: இறுக்கிக் கட்டு, கீறி ரத்தத்தை வெளியேற்று. பிளேடு தேட ஆரம்பித்துவிட்டார்கள். மனைவி பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, கையை ஆட்டாதீங்க. வளையலை மட்டும் கழட்டிடுறேன், வீங்கிடும்." குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். கை முழங்கை வரை வீங்கியது, பிழைத்துக்கொண்டார்.

அன்றிரவு மனைவி தன் புதிய நூலில் தேடிக் காட்டினார். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்காகச் செய்தது. மரத்தில் கிடக்கும் பச்சை நிற மூங்கில் விரியன் அந்தக் கணக்கில் இல்லை. அந்த அக்கா சொன்னதோ வெறும் "பச்சைப் பாம்பு". புத்தகத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கொடிபோல் மெலிந்த, உயிருக்கு ஆபத்தில்லாத வேறொரு பாம்பில் போய் நிற்கும்.

என் பெரிய குறை இதுதான். நம் ஊர்ப் பெயரில் தேட ஒரு சொல்லடைவு எந்தப் புத்தகத்திலும் உருப்படியாக இல்லை. இதே சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1916-இல் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் ஆக்கவென்றே ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியலுக்கு அவர்கள் சொல் தேடினார்கள். நூறு வருடம் தாண்டியும் குச்சிக்கிழங்கு என்று தேடினால் கிடைக்காது, மரவள்ளி என்றுதான் தேட வேண்டும். பச்சை விரியன் என்றால் அதுவும் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளிலும் நாங்களே எழுதி ஒட்டுகிறோம்: இந்தப் பெயருக்கு இந்தப் பக்கம்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டுப் பனியில் வழவழப்புத் தாள் புத்தகம் ஒரு மழைக்காலத்திலேயே பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். அங்கே சாதாரணத் தாள் பதிப்புதான் தாங்கும். சேலத்தில் ராமபாணப் பூச்சிதான் தொல்லை, வசம்புத் துண்டு போடுகிறோம்.

போன வருடம் காபிக்குப் புதிய கையேடு வாங்கினேன். மாமனார் முதலில் திறந்தது கடைசிப் பக்கங்களைத்தான். பழையதின் பின்னட்டையில், காபி பூக்க வைக்கும் பூ மழை எந்தத் தேதியில் இறங்கியது என்று பதினான்கு வருடமாகப் பென்சிலில் குறித்திருந்தார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அத்தனையையும் புதியதில் பேனாவால் எடுத்தெழுதினார்.