சாலமாங்காவா, கிரனாடாவா?

ஒரு செமஸ்டராவது ஸ்பெயினில் தங்கி ஸ்பானிஷ் படிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள், மாட்ரிட் வாடகையைக் கேட்டு மிரண்ட பிறகு யோசிக்கிற ஊர்களில் சாலமாங்காவும் கிரனாடாவும் கண்டிப்பாக இருக்கும். இரண்டுமே பழைய பல்கலைக்கழக ஊர்கள். சாலமாங்காவில் 1218இலிருந்து பாடம் நடக்கிறது, கிரனாடா பல்கலைக்கழகம் 1531இல் வந்தது. வயதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், காதை வைத்து முடிவெடுங்கள் என்பேன்.

சாலமாங்காவில் தெருவில் கேட்கிற ஸ்பானிஷ், பாடப்புத்தகத்தின் ஒலிப்பதிவில் வருவதற்கு ரொம்பப் பக்கம். நன்றி சொல்கிற கிராசியாஸில் வரும் 'சி'யை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள், சொல்லின் கடைசி எழுத்துவரை காதில் விழும். கிரனாடாவிலோ கடைசி 'ஸ்' காற்றில் போய்விடும். காசா என்றால் வீடு, காசாஸ் என்றால் வீடுகள். அங்கே அந்த 'ஸ்' மறைந்து, கடைசி உயிரெழுத்தைக் கொஞ்சம் வாய் திறந்து சொல்வதுதான் பன்மைக்கு அடையாளம்! வகுப்பில் ஆசிரியர் நிதானமாகத்தான் பேசுவார், ஆனால் வீட்டுக்காரரும் மளிகைக் கடைக்காரரும் உங்களுக்காக அப்படிப் பேச மாட்டார்கள்.

அப்புறம் குளிர். சாலமாங்கா சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். 'கிரனாடா தெற்கே இருக்கிறது, வெயில் ஊர்' என்று ஸ்வெட்டரை எடுத்து வைக்காமல் போனால் மாட்டிக்கொள்வீர்கள். அதுவும் கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரம், பின்னாலேயே சியெரா நெவாதாவின் பனிமலை. மேட்டில் இருக்கிற பழைய பகுதியான அல்பைசினின் வீடுகள் பார்க்க அழகு, ஆனால் கோடையில் வெப்பம் ஏறக் கூடாது என்று கட்டியவை, குளிர்காலத்தில் உள்ளே உட்கார்ந்தாலும் கால் விறைக்கும். அறை பார்க்கும்போது வாடகையோடு சேர்த்து, ஹீட்டர் உண்டா, அதன் மின்கட்டணம் யாருடையது என்று கேளுங்கள். கூழாங்கல் பதித்த அல்பைசின் ஏற்றத்தில் சக்கரப் பெட்டியை இழுப்பது தனித் தண்டனை. சாலமாங்காவில் நடந்தே எல்லா இடமும் போய்விடலாம்.

சாப்பாட்டில் கிரனாடாதான், சந்தேகமே இல்லை. ஒரு பானம் வாங்கினால் கூடவே தபாஸ் என்கிற நொறுக்குத் தீனி ஒரு தட்டு சும்மா வரும், அடுத்த பானத்துக்கு இன்னொரு தட்டு. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லாவிட்டால் தட்டில் பன்றி இறைச்சிதான் இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது, ஹாமோனும் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) மீனும் வேண்டாம் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அவற்றை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பன்றி இறைச்சியை உள்ளே திணித்துச் சுடுகிற ஓர்னாசோ ரொட்டியைத் தன் பெருமையாகச் சொல்கிற சாலமாங்காவில் இது இன்னும் கஷ்டம். கிரனாடாவில் கால்தெரேரியா தெருப் பக்கம் போனால் கொண்டைக்கடலை வடை மாதிரியான ஃபலாஃபெலாவது கிடைக்கும்.

பேப்பர் வேலையில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. 90 நாளைத் தாண்டினால் மாணவர் விசா. 180 நாளைத் தாண்டினால் உங்கள் மேல் குற்ற வழக்கு இல்லை என்கிற போலீஸ் சான்றிதழை அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு முத்திரை) செய்து வைக்க வேண்டும், போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் டி.ஐ.இ. என்கிற வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அட்டைக்காக அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே பெரும்பாடு, முதல் வாரமே முயற்சி செய்யுங்கள். வீட்டு அட்வான்ஸை மட்டும் இங்கிருந்தே அனுப்பிவிடாதீர்கள். முதல் பத்து நாளுக்கு ஹாஸ்டலில் தங்கி, அறையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சரி, எந்த ஊர்? பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறவர் என்றால் சாலமாங்கா. ஓரளவு பேச வரும், பி1 (இடைநிலை) தாண்டியாயிற்று என்றால் நான் கிரனாடாதான் சொல்வேன். முதல் மாதம் பாதி புரியாது. அந்தப் பேச்சு பிடிபட்ட பிறகு சாலமாங்காக்காரர் பேசுவது வானொலிச் செய்தி மாதிரி தெளிவாகக் கேட்கும்.