முட்டியில் கட்டி என்றதும் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்: எனக்குப் போனது 48,500 ரூபாய்

பிள்ளைக்கு முட்டிக்குப் பக்கத்தில் கட்டி என்று யாராவது பயந்துபோய் இருந்தால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். இன்று மதியம்தான் "பணம் திரும்ப வராது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். 48,500 ரூபாய். நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வியாசர்பாடி. இங்கே பந்து விளையாடாத பையனே கிடையாது, என் மகனும் அப்படித்தான். 14 வயது. போன மாதம் முட்டிக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, கல் மாதிரி ஒரு புடைப்பைக் காட்டினான். சும்மா இருந்தால் வலி இல்லை, பந்து பட்டால் மட்டும் சுரீர் என்கிறது என்றான். தெருமுனை டாக்டர் எழுதிக் கொடுத்தபடி எக்ஸ்ரே எடுத்தோம், 400 ரூபாய். ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் ஊரில் இல்லை. அதில் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்று ஏதோ ஒரு எலும்புக் கட்டியின் பெயர் போட்டிருந்தது. போனில் தேடினேன், ஒரு மருத்துவ ஆப் வந்தது. அங்கேதான் மாட்டினேன்.

அந்த ஆப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். டாக்டர், ஸ்கேன், ஆபரேஷன் எல்லாவற்றையும் "நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்கிற வகை. நம்பரைப் போட்ட ஐந்தாவது நிமிடம் ஒரு பெண் கூப்பிட்டாள். "சாப்டீங்களா அக்கா? நானும் பிள்ளை பெத்தவதான், நீங்க தைரியமா இருங்க" என்றாள். காலையிலிருந்து என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான் நம்பியது அந்த இடத்தில்தான்.

அடுத்து வீடியோவில் ஒரு டாக்டர், மூன்று நிமிடம். காலை மடக்கிக் காட்டச் சொல்லக்கூட இல்லை. "கார்ட்டிலேஜ் ட்யூமர், அதாவது குருத்தெலும்புக் கட்டி. விட்டால் கேன்சராக மாறும். இந்த வாரமே எடுத்துவிட வேண்டும்." மகன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அன்று இரவு, "அம்மா, காலை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டான். மறுநாளே ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். எம்.ஆர்.ஐ., உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் (கேன்சர் எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்ப்பது), ஆபரேஷன் அட்வான்ஸ், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், 48,500 ரூபாய். எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தார்கள்.

அதற்குள் எதிர்வீட்டு அண்ணன், "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஜி.ஹெச்.ல ஒரு தடவை காட்டிடும்மா" என்றார். சென்ட்ரல் எதிரே இருக்கிற நம் பெரியாஸ்பத்திரிதான். ஓ.பி. சீட்டு போட்டு, பாதி நாள் வரிசையில் நின்றோம். அந்த எலும்பு டாக்டர் முதலில் கையால் தொட்டுப் பார்த்தார். முட்டியை மடக்கி நீட்டினார், பாதத்தை ஆட்டச் சொன்னார், விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் எக்ஸ்ரேயை எடுத்தார். "இது சாதாரணக் கட்டிம்மா, கேன்சர் இல்லை" என்றார்.

வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பின் முனைக்குப் பக்கத்தில் வளர்ச்சிக் குருத்து, அதாவது எலும்பு நீளமாக வளர்கிற இடம், இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு பக்கவாட்டில் விலகி, மொட்டு விட்ட மாதிரி வெளியே வளர்வதுதான் இந்த ஆஸ்டியோகாண்ட்ரோமா. தொடை எலும்பின் கீழ்முனை, கால் எலும்பின் மேல்முனை, அதாவது முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வரும். தொடை எலும்பின் உள்பகுதி அப்படியே கட்டிக்குள்ளும் தொடர்வதை எக்ஸ்ரேயில் காட்டினார். பிள்ளை வளரும்வரை அதுவும் வளரும், வளர்ச்சி நின்றால் அதுவும் நிற்கும். வலி, நரம்போ ரத்தக்குழாயோ அழுத்தப்படுவது, தசைநார் உரசுவது, இவையெல்லாம் இருந்தால்தான் ஆபரேஷன். அதையும் முடிந்தால் வளர்ச்சி முடிந்த பிறகு செய்வது நல்லது, குருத்துக்குப் பக்கத்தில் கை வைத்தால் அதற்கே அடிபடலாம் என்றார். இப்படி ஒரே ஒரு கட்டி மட்டும் இருப்பவர்களுக்கு அது கேன்சராக மாறுவது மிக அபூர்வம், அதுவும் பெரும்பாலும் பெரியவர்களான பிறகுதான். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த பெட் ஸ்கேன் எதற்கு என்று அவருக்கே புரியவில்லை.

என்னால் தாங்க முடியாதது இதுதான்: 400 ரூபாய் ரிப்போர்ட்டின் கடைசி வரியிலேயே 'பினைன்' என்று அச்சாகி இருந்தது. சாதாரணக் கட்டி என்று அர்த்தமாம். எனக்குத் தெரியவில்லை, சரி. அந்த டாக்டருக்குத் தெரியாதா? ட்யூமர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை முழுங்கிவிட்டார்.

அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க மேடம்." அக்கா என்றவள் மேடம் என்கிறாள். பிறகு அவள் நம்பர் எடுப்பதே இல்லை. வேறொருவன், "பேக்கேஜைப் பிரிக்க முடியாது" என்றான். இன்னொருவன், நீங்கள்தான் ஆபரேஷனுக்கு வரவில்லை, அதனால் உங்கள் தவறு என்றான். எடுக்காத ஸ்கேனுக்கும் செய்யாத ஆபரேஷனுக்கும் என்ன தவறு? பதினோரு நாள் அலைக்கழித்துவிட்டு இன்று கதவைச் சாத்திவிட்டார்கள். 48,500 ரூபாய், நான் பிளவுஸ் தைத்துச் சேர்த்தது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது மனசு ஓடவில்லை. காலைத் தொட்டுப் பார்க்காத டாக்டர் சொல்லி ஆபரேஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். பேக்கேஜ் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். ரிப்போர்ட்டில் இருக்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேளுங்கள். அதற்காகக் கட்டியை அலட்சியமாக விடவும் கூடாது. எலும்பின் முனையிலேயே வந்து வலிக்கிற குருத்தெலும்புக் கட்டி ஒன்று உண்டு, அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டுமாம். ராத்திரியில் வலி, வேகமாக வீக்கம் என்றால் அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் ஓடுங்கள், இதே முட்டியில் நிஜமான கேன்சரும் வரும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் அப்படியே வைத்திருக்கிறேன். இந்த மாதிரி ஆப்பில் வேறு யாராவது ஏமாந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.