மேலே சோ ஃபைன், கீழே பாட்டம் லைன்: என் லாங்ஆர்ம் நூல் கணக்கு

மிஷிகனில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு லாங்ஆர்ம் என்னும் பெரிய க்வில்ட் தையல் மெஷின் வந்து நான்கு வருஷம் ஆகிறது. பத்தடிச் சட்டத்தில் க்வில்ட்டை, அதாவது இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்த போர்வையை, இழுத்துக் கட்டிவிட்டு, துணியை அசைக்காமல் மெஷினையே கைப்பிடித்து ஓட்டித் தைக்க வேண்டும். எனக்குத் தைப்பது போக, மற்றவர்கள் ஒட்டுப்போட்டுக் கொண்டுவருவதையும் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். இதுவரை நூலுக்குச் செலவழித்த தொகையை வீட்டுக்காரரிடம் முழுசாகச் சொன்னதில்லை.

நான் ஊரில் உஷா மெஷினில் தையல் பழகியவள். மேலே எந்தக் கண்டோ அதையேதான் அடி நூலுக்கான பாபினிலும் சுற்றுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மேலும் கீழும் 40ஆம் நம்பர் பருத்தி நூலைப் போட்டேன். ஓடத்தான் செய்தது. ஆனால் பாபின் சட்டுச் சட்டென்று தீர்ந்தது. மேல் நூலைப் பிடிக்கும் ஹூக்கைச் சுற்றிப் பூனைமுடி மாதிரி பிசிறு அடைந்தது.

இப்போது பெரும்பாலும் ஒரே ஜோடிதான். மேலே சுபீரியர் கம்பெனியின் சோ ஃபைன், கீழே அவர்களுடைய பாட்டம் லைன். சோ ஃபைன் 50ஆம் நம்பர், மூன்று புரி பாலியஸ்டர். மினுக்கம் கிடையாது, பருத்தி என்றே நினைப்பார்கள். பாட்டம் லைன் 60, இரண்டு புரி. நம்பர் ஏற ஏற நூல் மெலியும், மெலிந்த நூல் பாபினில் அதிகம் கொள்ளும். பெரிய கட்டில் க்வில்ட்டுக்கு முன்பு எட்டு பாபின் மாற்றினேன், இப்போது ஐந்தோடு முடிகிறது. மேல் நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும் இடம் நடுவில் உள்ள பஞ்சுக்குள் புதைந்துவிடுவதால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் பாட்டம் லைன் வழுக்கும். பாபினை வைக்கும் கேஸில் நூலை இறுக்க ஒரு திருகு உண்டு, அதைப் பருத்திக்கு வைத்திருந்தபடியே விட்டால் தொல்லைதான். பாபின் கேஸை உள்ளங்கையில் மல்லாத்தி, நூல் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும், கையை விட்டுக் கிளம்பக் கூடாது. நான் முதலில் தூக்கியபோது கேஸ் அசையவே இல்லை, நூல் மட்டும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. திருகைக் கடிகார முள் ஐந்து நிமிஷம் நகரும் அளவுக்கு வலது பக்கம் திருப்பிய பிறகுதான் வழிக்கு வந்தது. அடி நூலின் இறுக்கத்தை அளக்கும் டோவா கேஜ் வாங்கியபின் இந்த ஊகமும் போயிற்று. என் மெஷினுக்குக் கேஜின் முள் 200க்குப் பக்கத்தில் நின்றால் சரி. அதற்கப்புறம் மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, மட்டும்தான் தொடுவேன். அதையும் நேர்கோட்டில் பார்க்கக் கூடாது, வட்டம் போட்டுப் பார்க்கணும். வளைவில் வேகமாகப் போகும்போதுதான் பின்பக்கம் நூல் வரிசையாக இழுபடும். இங்கே இதை ஐலாஷ் என்பார்கள். பார்த்தால் துணியில் இமைமுடி ஒட்டின மாதிரியேதான் இருக்கும்.

நிற விஷயத்தில் வாடிக்கையாளர்களோடு அடிக்கடி வாக்குவாதம். போன மாதம் ஒரு அம்மா க்ரீம் மேல்துணியும் நேவி ப்ளூ பின்துணியும் கொண்டுவந்து, நூலும் அதற்குத் தகுந்தாற்போல மேலே க்ரீம், கீழே நேவி என்றார். சரி என்று ஓரத் துண்டில் தைத்துத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு துளையிலும் எறும்பு முட்டை மாதிரி ஒரு க்ரீம் புள்ளி. இரண்டு பக்கமும் வெளிர் சாம்பலுக்குச் சம்மதித்தார். டென்ஷன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எதிரெதிர் நிறங்களை மறைப்பது கஷ்டம்.

சோ ஃபைனுக்கு ஒரு குறை உண்டு. இறகு டிசைன் எடுப்பாகத் தெரியணும் என்றால் அது துணியோடு துணியாக அமுங்கிவிடும். அப்போது மேலே கிங் டட் போடுவேன். 40ஆம் நம்பர் எகிப்துப் பருத்தி, போகப் போக நிறம் மாறிக்கொண்டே வரும். ஊசியை 16லிருந்து 18க்கு மாற்றிவிடுவேன். கீழே அதே பாட்டம் லைன்தான். கிளைட் என்ற நூலையும் ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போகிறது. ஆனால் அதன் பட்டு மினுக்கம் பழைய பாணிப் பூப்போட்ட துணிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் க்வில்ட்டுக்கு ஜோர்.

நம்பரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒட்டுத் தையலுக்கு நான் வைத்திருக்கும் ஆரிஃபில் நூலிலும் 50 என்றுதான் இருக்கிறது. ஆனால் அது இரண்டு புரி என்பதால், மூன்று புரி 50ஐவிட மெலிசு.

பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று சில மூத்த க்வில்ட்டர்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் தைத்ததில் அப்படி எதுவும் அறுந்து திரும்பி வரவில்லை. அறுந்தது என் பொறுமைதான், ஒரு தள்ளுபடி விற்பனையில் வாங்கிய பத்து நூல் கோன்களால். பெயர் வேண்டாம். லேபிளில் நம்பரும் இல்லை, புரியும் இல்லை. வளைவுக்கு வளைவு அறுந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கயிறு மாதிரி இடையிடையே தடிப்பு. அதில் ஒன்று இப்போது தோட்டத்தில் பீன்ஸ் கொடி ஏறக் கட்டியிருக்கிறேன்; மிச்சம் ஒன்பது.