எட்டு ஷாஃப்ட் மேசைத் தறி: டிசைன் மாணவர் வாங்கலாமா?

டெக்ஸ்டைல் டிசைன் படிப்பில் இரண்டாம் ஆண்டு வந்ததும் வீட்டிலேயே ஒரு தறி வேண்டும் என்ற ஆசை வருவது வழக்கம். தச்சுப் பட்டறைகளில் செய்து தரும் மேசைத் தறிகள் பெரும்பாலும் இரண்டு வகை: 24 அங்குல அகலத்தில் நான்கு ஷாஃப்ட், 16 அங்குல அகலத்தில் எட்டு ஷாஃப்ட். பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, கூட்டமாகத் தூக்கும் சட்டம்தான் ஷாஃப்ட். பார்வைக்குப் பெரியது முதல் வகை. வாங்க வேண்டியது இரண்டாவது. நான்கு ஷாஃப்டில், எல்லாம் மேலே, எல்லாம் கீழே என்ற இரண்டையும் தள்ளிவிட்டால், ஓர் ஊடைக்கு, அதாவது ஒரு குறுக்கு இழைக்கு, தூக்கக்கூடிய சேர்க்கைகள் 14தான். எட்டில் 254. மாதிரித் துண்டு நெய்யும் மாணவருக்கு எட்டு அங்குல அகலம் கூடுவதைவிட இதுதான் பெரிய லாபம்.

மிதித்தறியில் எந்த மிதி எந்த ஷாஃப்டைத் தூக்க வேண்டும் என்று முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். மனம் மாறினால் தறிக்கு அடியில் குனிந்து அவிழ்த்துக் கட்ட வேண்டியதுதான். மேசைத் தறியில் ஷாஃப்டுக்கு ஒரு லீவர். நெய்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஊடைக்கு வேறு சேர்க்கையைத் தூக்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் ஊடையை உருவிவிடலாம். இதற்கு விலையாகப் போவது வேகம். ஊடை இரண்டு இழைக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று சாய்கோடாகப் போகும் 2/2 ட்வில்லில் 1, 2, 5, 6 தூக்கியிருக்கும் நிலையிலிருந்து 2, 3, 6, 7க்குப் போக நான்கு லீவர்களைத் தொட வேண்டும். ஒன்று மேல், ஒன்று கீழ் என்ற சாதா நெசவுக்கு எட்டையும். பழகிய கைக்கே ஓர் அங்குலம் நெய்யப் பல நிமிடம் ஆகும். மாதிரிக்கு இது பொருட்டில்லை. புடவைக் கனவு இருந்தால் இந்தத் தறி வேண்டாம்.

பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது, நெய்த துணியைச் சுற்றும் உருளையை நகராமல் பிடிக்கும் பல்சக்கரம். துணி உருளையின் விட்டம் 2 அங்குலம் என்றால் சுற்றளவு சுமார் 6.3 அங்குலம். சக்கரத்தில் 12 பல் இருந்தால் ஒரு ‘டக்’குக்குத் துணி அரை அங்குலம் நகரும். பாவு ஒன்று தொய்யும், இல்லையேல் வீணைத் தந்தி மாதிரி விறைக்கும். நடுவில் நிறுத்த வழி கிடையாது. 24 பல்லாவது இருக்க வேண்டும். விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்; தேக்கா ரப்பர் மரமா என்று கேட்பதைவிட இது முக்கியம்.

அடுத்தது வாய், அதாவது ஊடை நுழையும் இடைவெளி. ஒற்றைப்படை லீவர் நான்கையும் தூக்கி, பாவு இழைகளைச் சீப்புபோல் பிரித்து வைக்கும் அச்சுக்கு முன்னால் இழைகள் பிரியும் உயரத்தை அளக்க வேண்டும். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் ஊடை நூலைச் சுமந்து போகும் ஒரு அங்குலத் தடிமன் நாடா உரசிக்கொண்டுதான் போகும். ஷாஃப்டைத் தூக்கும் கயிறு நைலான் என்றால் நாளடைவில் இழுபட்டு, ஒரு ஷாஃப்ட் மற்றதைவிடக் கால் அங்குலம் தாழ்ந்து நிற்கும். நாடா அந்த இழைகளின் மேலே போய்விடும். துணியின் பின்பக்கம் எதிர்பாராத மிதவை (பின்னாமல் நீண்டு கிடக்கும் இழை) தெரிந்தால் டிசைனைச் சந்தேகிக்கும் முன் கயிற்றைப் பாருங்கள். பின்னிய பாலியெஸ்டர் கயிறாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும். தறியின் வெளிச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பார்ப்பதும் நல்லது. அவை ஒத்துப்போகவில்லை என்றால் ஊடை ஒரு பக்கம் சரிந்தே விழும்.

தறியோடு பெரும்பாலும் 40ஆம் எண் அச்சு தருவார்கள். நம் ஊர்க் கணக்கில் இதற்கு 2 அங்குலத்துக்கு 40 பல், அதாவது அங்குலத்துக்கு 20 என்று பொருள். வெளிநாட்டுப் பாடங்களில் அங்குலத்துக்கு இத்தனை என்றே சொல்வார்கள். அதைப் பார்த்து இந்த எண்ணை வாங்குபவர் பாதி அடர்த்தியில் மாட்டிக்கொள்வார். பல்லுக்கு இரண்டு இழை வீதம் 2/20 பருத்தி (20ஆம் எண் நூல் இரண்டை முறுக்கியது) கோர்த்தால் அங்குலத்துக்கு 40 இழை. ட்வில்லுக்கு அது கச்சிதம். சாதா நெசவுக்கு நெருக்கம் அதிகம், ஊடை சரியாக இறங்காது. 32 அல்லது 36ஆம் எண் அச்சு ஒன்று தனியாக வாங்கத்தான் வேண்டும்.

முதல் பாவுக்கு ஒரு கணக்கு. 10 அங்குல அகலம், 400 இழை, 3.5 மீட்டர் நீளம். மொத்தம் 1,400 மீட்டர். 2/20 நூலில் ஒரு சிட்டம் 840 கஜம், அதனால் இரண்டு சிட்டத்துக்குள் பாவு முடிந்துவிடும். எடை சுமார் 83 கிராம். ஊடைக்கு இன்னும் 60, 65 கிராம். கட்டுவதிலும் கடைசியில் எட்டாமல் போவதிலும் அரை மீட்டருக்கு மேல் வீணாகும். மீதியில் மூன்று அங்குலத் துண்டுகள் முப்பதுக்கு மேல் தேறும். இங்கேதான் விழுது, அதாவது ஷாஃப்டில் ஒவ்வொரு பாவு இழையும் நுழையும் கண்ணி, பற்றாமல் போவது தெரியும்: எட்டு ஷாஃப்டில் வரிசையாகக் கோர்த்தாலே ஷாஃப்டுக்கு 50 விழுது வேண்டும், வேறு கோர்வை முறையில் ஒரு ஷாஃப்டுக்கு மட்டும் இரட்டிப்பாகும். ஆர்டர் தரும்போதே 100 வீதம் கேட்டுவிடுங்கள்.

பாவு சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் பழுப்புத் தாள் வைப்பதைச் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். மேல் சுற்று இழைகள் கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, பாதி நெய்தபின் அங்கங்கே தொங்கும். அதன்பின் எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது. ட்வில்லில் ஓர இழை பிடிபடாமல் நழுவுவதற்கும் எளிய மருந்து உண்டு. இரு ஓரத்திலும் ஓர் இழையை விழுதுக்குள் விடாமல் அச்சில் மட்டும் கோர்த்து, பின்னால் சிறு எடை தொங்கவிட வேண்டும். நாடா அதன் மேலே நுழைந்து எதிர் ஓரத்தில் கீழே வெளியேற வேண்டும்.

மாணவரின் வளர்ச்சிக்கு இந்தத் தறி என்ன செய்கிறது? முதல் பாவை ஒரே நிறத்தில் போட்டால் விடை தெரியும். நிறம் இல்லாதபோது அமைப்பு மட்டுமே கண்ணில் படும். ஏழு இழை தாண்டும் மிதவை கணினித் திரையில் சாட்டின் பளபளப்பாகத் தெரியும். துணியில் மோதிரம் மாட்டி இழுபடும். இரண்டாவது பாவில் நான்கு கறுப்பு, நான்கு வெள்ளை என்று மாற்றி, ஊடையிலும் அதே வரிசையில் 2/2 ட்வில் போட்டால் நாய்ப் பல் போன்ற ஹவுண்ட்ஸ்டூத் கட்டம் வரும். இரண்டு இரண்டாகக் குறைத்தால் கட்டம் காணாமல் போய் வேறொரு வடிவம் எழும். மென்பொருளும் இதைக் காட்டும், ஆனால் துவைத்தபின் 10 அங்குலம் எவ்வளவாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டாது. தறிமேல், தறியிலிருந்து இறக்கியபின், துவைத்தபின் என மூன்று அளவுகளையும், லீவர் எண்களையும் நெய்த அன்றே நோட்டில் எழுத வேண்டும். மறுநாள் நினைவிருக்காது.

ஊடையில் கயிறு, செம்புக் கம்பி, பத்தமடைப் பாயில் போகும் கோரைகூட வைக்கலாம். கோரையை ஈரப்படுத்திய பிறகே, அதுவும் அச்சில் ஒரு பல் விட்டு ஒரு பல் கோர்த்த பாவில். பொருளிலிருந்து டிசைனுக்குப் போகும் இந்த வழி புதிதல்ல. நெசவுக் கலைஞர் ஆனி ஆல்பர்ஸ் 1930இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி டிப்ளமோவுக்குச் செய்த அரங்கச் சுவர்த் துணி, ஒரு பக்கம் செலோஃபேனால் ஒளியைத் திருப்பியது, மறுபக்கம் பஞ்சுபோன்ற செனில் நூலால் ஒலியை உறிஞ்சியது.

எட்டு ஷாஃப்டில், ஒரே நேரத்தில் இரண்டு அடுக்காக நெய்யும் இரட்டைத் துணியை இரண்டு கட்டங்களாக மாற்றி மாற்றி நெய்யலாம். நான்கில் அது நடக்காது. ஆனால் இரு அடுக்குக்கும் சேர்த்துப் பல்லுக்கு நான்கு இழை ஆவதால், அதே 400 இழைக்கு அகலம் ஐந்து அங்குலமாகிவிடும். இழைகளைத் தனித்தனியாகத் தூக்கும் ஜக்கார்டு கருவியில் வரும் உருவம் இதில் வராது. மிதியில் கால் ஓடும் தாளமும் இதில் பழகாது. நெசவாளர் ஊரில் வேலை செய்யப் போகிறவர் குழித்தறியில் தனியாக உட்கார்ந்தாக வேண்டும்.

அச்சைத் தாங்கி ஊடையை அடித்து இறக்கும் பலகை பெரும்பாலும் லேசாக இருக்கும். தடித்த ஊடை இறங்கவில்லை என்றால் அச்சுக்கு அடியில் ஒரு பட்டை இரும்பைத் திருகி வையுங்கள். மேசையோடு தறியைப் பிணைக்க இரண்டு கிளாம்பும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் தறி முன்னால் நகர்ந்து வரும்.