தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்: பரிமாறுபவரே பங்காளி

திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் நிற்கும் சுருள் கோபுரம்தான் இந்தியன் காபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தக் கட்டடத்தில் தனித்தனி மாடிகள் கிடையாது. ஒரே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலே ஏற, வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. முழங்கால் வலியுள்ளவர்கள் முதல் சுற்றிலேயே இடம் பிடித்துக்கொள்வது நல்லது.

கட்லெட்டைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பு; மசாலா தோசைக்குள்ளும் அதே பீட்ரூட்தான். மஞ்சள் நிற உருளைக்கிழங்கை எதிர்பார்த்துத் தோசையைப் பிரிக்கும் தமிழ்நாட்டுக்காரர் சற்றுத் திகைக்கத்தான் செய்வார். என் ஓட்டு கட்லெட்டுக்கே. காபி குடிக்கலாம், கும்பகோணம் டிகிரி காபியை மனத்தில் வைத்துக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

விரிவாக எழுத வேண்டியது பரிமாறும் முறையைப் பற்றித்தான். விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளுடையுமாக வருபவரிடம் குழைவும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. ஒரே காபியோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பவரை எழுப்புவதற்காக யாரும் மேசையைத் துடைக்க வருவதில்லை. கோலம் வெள்ளைக்காரர் காலத்தை நினைவூட்டினாலும், இந்த உணவகத்தை நடத்துவது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். 1950களில் மத்திய அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்து ஊழியர்களை வெளியேற்றியபோது, பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே.கோபாலன் முன்னின்று அவர்களைச் சங்கங்களாகத் திரட்டினார்; 1957இல் பெங்களூரிலும் டெல்லியிலும், 1958இல் திருச்சூரிலும் வேலையிழந்தவர்களே கடையை ஏற்று நடத்தத் தொடங்கினர்.

எனவே, இந்த நிதானம் தேடித் தேடி நல்லவர்களை வேலைக்கு வைத்ததால் மட்டும் வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. முதலாளியின் முகக்குறிப்பை நம்பி அன்றாடக் கூலி வாங்க வேண்டிய இடத்தில் இதே மனிதர் வேறு விதமாகவே நடந்துகொண்டிருப்பார். அதே சமயம், அமைப்பு ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. விதிகளெல்லாம் சரியாக இருந்தும் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் நம் ஊரில் எத்தனையோ உண்டு. கடை தன்னுடையது என்ற எண்ணத்தை உரிமை தரலாம். மேற்பார்வை பார்க்க ஆளில்லாத மேல் சுற்றிலும் கோப்பையை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போகும் ஒழுங்கு அந்தந்த மனிதர் கொண்டுவருவது.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தால் தாராளமாக உள்ளே போய் உட்காரலாம். நேரமில்லையென்றால் கட்லெட்டைப் பார்சலாக வாங்கிக்கொள்வது மேல்.