ஆலையைப் பார்க்காமலே கொடுக்கப்பட்ட ஹலால் சான்றிதழ்: உணவுத் தொழில் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

இஸ்லாமிய நெறிப்படி உண்ணத் தகுந்தது என்பதைக் காட்டும் ஹலால் சான்றிதழை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டி நான் ஏமாந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். முதன்முறையாக ஹலால் சான்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்களுடையது பிஸ்கட்டும் கேக்கும் தயாரிக்கும் சிறிய ஆலை. மலேசியாவில் உள்ள ஒரு வணிகர் எங்கள் மாதிரிகள் பிடித்துப்போய், ஹலால் சான்றிதழ் இருந்தால் உடனே ஆர்டர் தருவதாகச் சொன்னார். அந்த அவசரத்தில் நான் தேடிப் பிடித்தவர்தான் இந்தத் தரகர். ஏழே நாளில் சான்றிதழ் கிடைக்கும், அது எல்லா நாடுகளிலும் செல்லும் என்று உறுதி கூறினார். தொழில் உரிமத்தின் நகலையும் பொருள்களின் புகைப்படங்களையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஆறாம் நாளே சான்றிதழ் வந்தது. எங்கள் கலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி அதைப் பார்த்துவிட்டு, "சார், யாருமே வந்து பாக்கலையே, அப்புறம் எப்படிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அன்றே பதில் தேடியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், ஹலால் முத்திரையுடன் புதிய உறைகளை அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

சான்றிதழின் நகலைப் பெற்ற மலேசிய வணிகர் இரண்டே வரியில் பதில் எழுதினார். சான்றளித்த அமைப்பு, மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அங்கீகரித்துள்ள வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியலில் இல்லை என்பதால் சரக்கை எடுக்க முடியாது என்றார். அப்படியொரு பட்டியல் வெளியிடப்படுகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தரகரைக் கேட்டபோது, இன்னொரு தொகை கட்டினால் வேறோர் அமைப்பின் பெயரில் சான்றிதழ் மாற்றித் தருவதாகச் சொன்னார். அதன்பின் அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

எல்லா நாடுகளிலும் செல்லும் ஹலால் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது என்பதை நான் பணத்தை இழந்த பிறகே படித்துத் தெரிந்துகொண்டேன். ஹலால் என்ற சொல்லை உணவுப் பொருள்களில் எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1997-இல் பொதுவான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் எந்தச் சான்றை ஏற்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்கிறது. மலேசியாவில் எம்.எஸ். 1500 என்ற தர நிர்ணயமும், வளைகுடா நாடுகளில் ஜி.எஸ்.ஓ. 2055 என்ற தர நிர்ணய வரிசையும் இருக்கின்றன. சிங்கப்பூரில் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் இதைக் கவனிக்கிறது. இந்தோனேசியாவில் 2014-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் சட்டம் ஹலால் சான்றைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுச் சான்றுகளை ஏற்பது அங்குள்ள பி.பி.ஜே.பி.எச். என்ற அரசு முகமையின் அங்கீகாரத்தைப் பொறுத்தது. ஆகவே சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் பட்டியலை முதலில் எடுத்துப் பார்த்து, அதில் உள்ள அமைப்பிடம் நேரடியாக விண்ணப்பிப்பதே முறை. பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டும் நாளன்று மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு அந்தச் சான்றிதழைச் சுவரிலிருந்து இறக்கி நிதானமாகப் படித்தேன். தடித்த தாள், பொன்னிற முத்திரை, கீழே ஒரு கியூஆர் கோடு. அந்தக் கோடு எந்தப் பதிவேட்டுக்கும் போகவில்லை. அதே சான்றிதழின் படத்தையே மறுபடியும் காட்டியது. பொருள்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அனைத்துத் தயாரிப்புகளும்" என்று இரண்டே சொற்கள். முறையான சான்றிதழில் எந்த ஆலை, எந்த முகவரி, எந்தெந்தப் பொருள், எந்தத் தேதி வரை என்பவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். நாளை புதிதாக ஒரு பொருள் தயாரித்தால் அதற்குத் தனியே அனுமதி பெற வேண்டும்.

பணம் போனதைவிட என்னை அதிகம் வருத்தியது இதற்குப் பின் நடந்ததுதான். அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பிடம் புதிதாக விண்ணப்பித்தபோது, ஒவ்வொரு மூலப்பொருளும் எங்கிருந்து வருகிறது என்பதற்கு வழங்குநரின் எழுத்து மூலமான சான்று கேட்டார்கள். கேக் மாவில் எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்க நாங்கள் சேர்க்கும் பால்மமாக்கியின் மூட்டையில் ஈ471 என்ற எண் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. இந்தப் பொருளைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை மட்டும் வைத்து எதுவென்று சொல்லிவிட முடியாது. வழங்குநரிடம் கேட்டபோது, தாவர எண்ணெயிலிருந்து எடுத்தது என்று எழுதித் தர அவர் மறுத்துவிட்டார். முத்திரை அச்சிட்ட உறைகளில் சில வாரம் உள்ளூரிலும் விற்றிருந்தோம். அந்த முத்திரையை நம்பி வாங்கித் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். கடைகளில் மீதமிருந்த சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டு, காரணத்தையும் கடைக்காரர்களிடம் சொன்னோம். தரகர் என்னை ஏமாற்றினார் என்றால், அந்த முத்திரையை நம்பி வாங்கியவர்களை நான் ஏமாற்றியிருக்கிறேன். இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான ஆய்வு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த ஆய்வாளர்கள் இருவரும் அலுவலக அறையில் உட்காராமல் நேராக மூலப்பொருள் கிடங்குக்குப் போனார்கள். பட்டியலில் உள்ள பெயரையும் மூட்டையில் உள்ள பெயரையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். வாசனைச் சாரங்களில் கரைப்பானாக ஆல்கஹால் உள்ளதா, ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்றெல்லாம் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பிஸ்கட்டின் மேல் முட்டைக் கலவை பூசும் தூரிகையைக் கையில் எடுத்து, அதன் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த முடி?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பன்றி முடியில் செய்த தூரிகைகளும் சந்தையில் உண்டு என்று அவர் சொன்னதும் அத்தனை தூரிகைகளையும் அன்றே அகற்றினோம். எங்கள் சரிசெய்தல்கள் முடிந்து, மறு ஆய்வும் நடந்து, சான்று கிடைக்கப் பல மாதங்கள் ஆயின. இந்தக் காலத்தை யாராலும் ஏழு நாளாகச் சுருக்கித் தர முடியாது.

தரகர் கொடுத்த ரசீதையும் அவருடன் நடந்த செய்திப் பரிமாற்றங்களையும் வைத்துக் காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். சான்றிதழுக்கு ஓராண்டு முடியப்போகிறது, புதுப்பிக்கும் கட்டணத்தை அனுப்புங்கள் என்று சென்ற வாரம் அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அதையும் புகாருடன் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.