நங்கூரத்துக்குச் சங்கிலியா, கயிறா, இரண்டும் கலந்தா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் காற்று கொஞ்சம் ஏறினாலே மறுநாள் செய்தி ஒன்றுதான்: நங்கூரக் கயிறு அறுந்து படகுகள் கரை ஒதுங்கின. சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஆனால் கரையேறிக் கிடக்கும் படகுக்குப் பக்கத்தில் போய் மிச்சமிருக்கும் கயிற்று நுனியைப் பாருங்கள், நடுவில் அறுந்ததாக நான் பார்த்தது குறைவு. அணியத்தின், அதாவது படகின் முன்மூக்கின், விளிம்பில் உரசித் தேய்ந்த இடத்தில் போயிருக்கும், இல்லையென்றால் நங்கூரத்தை ஒட்டிய கடைசி இரண்டு பாகத்தில் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). அதனால் எந்தக் கயிறு நல்ல கயிறு என்பதைவிட எந்த இடத்தில் எது இருக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் முழுச் சங்கிலி. மணலில் உரசினாலும் பாறையில் உரசினாலும் கவலை இல்லை, வெயிலுக்கும் அசையாது. தன் கனத்தால் தரையோடு கிடப்பதால் நங்கூரத்தை மேலே தூக்காமல் படுக்கைவாட்டில் இழுக்கும், அப்படி இழுத்தால்தான் அதன் நாக்கு மண்ணுக்குள் இறங்கும். நீளமும் குறைவாகப் போதும். தண்ணீரின் ஆழத்தோடு, தண்ணீருக்கு மேல் நிற்கும் அணியத்தின் உயரத்தையும் கூட்டி, சங்கிலி என்றால் 5 மடங்கு, கயிறென்றால் 7 மடங்கு என்பது பொதுக் கணக்கு. 4 மீட்டர் தண்ணீர், 1.5 மீட்டர் அணியம் என்று வைத்தால் சங்கிலி 27.5 மீட்டர், கயிறு 38.5 மீட்டர். அணிய உயரத்தைச் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம். ஆழக்கடலில் அது பெரிய விஷயமில்லை, நம் கரையில் கணக்கில் கால்வாசிக்கு மேல் அதுதான்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் சங்கிலியே போடலாமே? கனம்தான் தடை. 10 மிமீ சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ, 28 மீட்டருக்கு 64 கிலோ. விசைப்படகில் வின்ச் இருக்கிறது, சரி. 30 அடி ஃபைபர் படகின் மூக்கில் அதை ஏற்றினால் அணியம் தண்ணீரைக் குத்தும், சேற்றோடு கையால் இழுப்பவனுக்கு முதுகு போகும். இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. தொய்ந்து தொங்கும்வரைதான் சங்கிலி அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, வாடையில் எழும் அலை கட்டையாக அடுத்தடுத்து வரும், அந்தத் தொய்வு சீக்கிரமே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த சங்கிலி இழுபடாது. ஒவ்வொரு அலைக்கும் மூக்கை டக்கென்று வெட்டி இழுக்கும், அந்த அடி முழுவதும் போய் விழுவது சங்கிலியைக் கட்ட அணியத்தில் பதித்த கட்டையில்.

அப்புறம் கயிறு. பி.பி. (பாலிபுரொப்பிலீன்) என்ற பிளாஸ்டிக் கயிறு விலை குறைவு, கடையில் முதலில் எடுத்துப் போடுவதும் அதைத்தான். ஆனால் அது மிதக்கும். காற்று ஓய்ந்து தொய்ந்து நிற்கும்போது பக்கத்துப் படகின் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் நார் நாராக உதிரும். தூண்டிலுக்கு மிதவை கட்ட வாங்குங்கள், நங்கூரத்துக்கு வேண்டாம். நைலான் மூழ்கும், இழுபட்டுத் திரும்பும், அலையின் அடியை அதுதான் வாங்கும். ஈரத்தில் கொஞ்சம் பலம் குறையும் என்பதால் ஒரு அளவு தடிமன் கூட்டி வாங்கிக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான எதிரி பாறை. மன்னார் வளைகுடா பக்கம் பார் (கடலடிப் பாறை, பவளத்திட்டு) உள்ள இடத்தில் தனிக் கயிறு ஒரே இரவில் போய்விடும். அதற்காகச் சங்கிலியைப் பவளத்தின் மேல் போட்டு உழவும் கூடாது, 21 தீவுகளும் தேசியப் பூங்கா, மீன் அடைவதே அங்கேதான்.

நான் போட்டிருப்பது கலவை: கீழே 10 மீட்டர் சங்கிலி, மேலே 30 மீட்டர் நைலான். சங்கிலி 23 கிலோதான். தரையில் உரசுவது சங்கிலி, அலைக்கு இழுபடுவது கயிறு. அணிய விளிம்பில் பழைய ஹோஸ் பைப் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்து நகராமல் கட்டியிருக்கிறேன், செலவே இல்லாத வேலை. ஒரு சங்கடம் உண்டு: கயிற்றில் நிற்கும் படகு அகலமாகச் சுற்றும், சங்கிலியில் நிற்பது குறைவாகச் சுற்றும், இரண்டும் நெருங்கி நின்றால் காற்று திரும்பும்போது மோதும். பக்கத்தில் நிற்பவர் என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

சங்கிலி கால்வனைஸா (துத்தநாகம் பூசிய இரும்பு), எஸ்.எஸ்ஸா (துருப்பிடிக்காத எஃகு)? பார்க்க எஸ்.எஸ். அழகு, பெட்டிக்குள் குவியாமல் வழுக்கி இறங்கும். ஆனால் காற்றுப்படாத சேற்றுக்குள் நாள்கணக்கில் புதைந்து கிடந்தால் ஊசித்துளையாக அரிக்கும், வெளியே தெரியாது. கால்வனைஸ் துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். கெட்டால் தெரிந்து கெடுவதுதான் எனக்கு வேண்டும்.

சங்கிலியைவிட அதிகம் பேச வேண்டியது அதன் இரு முனைகளைப் பற்றி. மேல்முனையில், ஃபைபர் தளத்தில் வெறும் திருகாணியால் பதித்த கட்டை காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டு, அடியில் அகலமான தகடோ பலகையோ வைத்து நட் முறுக்கியதுதான் நிற்கும். மரப்படகில் அடிவரை இறங்கும் பழைய மரக்கட்டைக்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை.

கீழ்முனைக்கு என் மச்சான் படகே சாட்சி. விடிந்து பார்த்தால் படகு மணலில் சாய்ந்து கிடக்கிறது. "கயிறு அத்துப்போச்சா மச்சான்?" என்றேன். பேசாமல் சங்கிலியை இழுத்துக் காட்டினார். முழுசாக வந்தது, கடைசியில் நங்கூரத்தோடு சங்கிலியைப் பூட்டும் ஷேக்கிள் கொக்கியின் வளைவும் தொங்கியது, குறுக்கே போகும் ஆணியை மட்டும் காணோம். ஆட்டத்தில் மறை கழன்றிருக்கிறது. ஆணியின் கண்ணில் ஒரு சாண் கம்பியை விட்டு முறுக்கியிருந்தால் நின்றிருக்கும். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அவர் முதலில் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். சங்கிலியையும் தலைகீழாக மாற்றிப் போடுகிறார், தேய்மானம் இரண்டு முனைக்கும் பங்காகட்டும் என்று.

முழுச் சங்கிலி போட்டவர்கள் உள்முனையைப் படகில் ஷேக்கிளால் இறுக்காதீர்கள். தளத்துக்கு மேலே வரும் நீளத்தில் ஒரு கயிற்றால் கட்டுங்கள், வேறு படகு தன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வந்து மேலே விழும் நேரத்தில் ஒரே வெட்டில் விட்டுவிடலாம். என் படகில் அதற்கென்றே ஒரு கத்தி அணியத்தில் செருகியிருக்கும். மீன் வெட்ட யாராவது எடுத்துப்போய்விடுகிறார்கள், அது வேறு கதை.